மூன்று வருடம் முந்திக்கொண்ட ரதம்

எங்கள் முற்றத்தில் ஒருவர் தன் நாளுக்கு மூன்று வருடம் முன்னதாகவே கடவுளாகிவிட்டார். அதற்கு நானும் உடந்தை. அவருடைய உண்மையான நாள் போன மாதம் வந்து போய்விட்டதால் இப்போது வெளியே சொல்லலாம். என் கணவரிடம் போன வாரம்தான் சொன்னேன். நாள் கணித்துக் கொடுத்த ஜோசியர் அவர்தான். கோபப்படுவார் என்று பயந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என் கணக்கு தப்பில்ல. ஆளுதான் வேற" என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்துக்குள் போய்விட்டார்.

அந்த மனிதரின் பெயர் பேகாலால் லவாஜு. நான் தாஜு என்று கூப்பிடுவேன், அண்ணன் என்கிற மாதிரி. ஜோசியர் மனைவி என்பதால் அவர் என்னை ஜோஷிணி என்பார். ரத்த உறவு கிடையாது, எதிர்வீட்டு உறவு. காட்மாண்டுக்குப் பக்கத்து ஊரான பக்தபூரில் எங்கள் முற்றத்துக்கு நாலு வீடு, நடுவில் ஒரு கிணறு. அவர் மாடி ஜன்னலில் இருமினால் என் அடுப்பங்கரையில் கேட்கும். இருபத்தேழு வருடம் டிராலி பஸ் ஓட்டியவர். சூர்யவிநாயகரிலிருந்து திரிபுரேஷ்வர் வரை மேலே மின்கம்பி, கீழே அவர். வளைவில் பஸ்ஸின் கொம்பு கம்பியை விட்டு நழுவினால் இறங்கிப் போய், பின்னால் தொங்கும் கயிற்றை இழுத்து மறுபடி மாட்டுவார். பயணிகள் முணுமுணுத்தால், "அவசரமா? இறங்கித் தள்ளுங்க, புண்ணியமாப் போகும்" என்பார். அந்த வாய்க்காகவே அவர் பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறுகிறவர்கள் உண்டு.

அறுபது வயதானபோது வார்டு அலுவலகத்தில் அவருக்கு மூத்த குடிமகன் அட்டை கொடுத்தார்கள். வாங்கி வந்து அரிசிப் பானைக்கு அடியில் போட்டுவிட்டார். பஸ்ஸில் முதியவர்களுக்கு என்று இரண்டு இருக்கைக்கு மேலே எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா, அதில் உட்காரவே மாட்டார். ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "உக்காரும்மா. உங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த ரோட்ல பஸ் ஓட்டினவன் நான். நிக்கறதுக்கு எனக்குச் சொல்லித் தர வேணாம்" என்று சொல்லிவிட்டுக் காட்மாண்டு வரை நின்றுகொண்டே போனார். மறுநாள் முழுக்க முழங்காலுக்குக் கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஜன்னலில் கிடந்தார். அவர் மனைவி ஹேராமாயா கிணற்றடியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அரசாங்கத்துக்கு அறுபது போதும். எங்களுக்குப் போதாது. எழுபத்தேழு வருடம், ஏழு மாதம், ஏழு நாள், ஏழு நாழிகை, ஏழு விநாழிகை. அந்த நேரத்தைத் தாண்டினவர்தான் எங்களுக்குப் பெரியவர். அன்றைக்கு அவரைக் குழந்தைக்குச் செய்கிற மாதிரி குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தி, ரதத்தில் உட்கார வைத்து மகனும் பேரன்களும் தெருவெல்லாம் இழுத்துப் போவார்கள். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற சடங்குக்கும் இதற்கும் ஒரே பெயர்தான், ஜங்கு. அன்றோடு அவர் மனிதக் கணக்கில் இல்லை, கடவுள் கணக்கில் சேர்ந்துவிடுவார். அதன் பிறகு ஊரே காலில் விழும். அப்பாவின் ரதக் கயிற்றை மகன் பிடிக்காமல் போனால் அந்த மகன் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

தாஜுவுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் ஷர்மிளாவை மூன்று தெரு தள்ளிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சோற்றுப் பாத்திரத்தோடு வந்து அப்பாவைத் திட்டிவிட்டுப் போவாள். "மறுபடியும் கிணத்துல தண்ணி எறைச்சீங்களா? இடுப்பு உடைஞ்சா யாரு தூக்கறது? உங்க பஸ்ஸா?" என்று அவள் கேட்க, அவர் பதிலுக்குக் கேட்க, முற்றத்துக்கே பொழுது போகும். மகன் பிகேஷ் கொரியாவில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் இருக்கிறான். மனைவியும் குழந்தையும் அங்கேயே. போய்ப் பல வருடம் ஆகிவிட்டது.

ஹேராமாயா செத்தபோது அவன் வரவில்லை. லீவு இல்லை என்றான், டிக்கெட் கிடைக்கவில்லை என்றான், விசா புதுப்பிக்கிற நேரம் என்றான். மூன்றுமே உண்மையாக இருக்கலாம், எனக்கென்ன தெரியும். பங்காளி மகன் கொள்ளி வைத்தான். அந்த வருடத்துப் பசு ஜாத்திரையில் செத்தவர்களின் படத்தை மூங்கிலில் கட்டி ஊரைச் சுற்றி வரும்போது அவள் படத்தையும் அவனே தூக்கினான். தாஜு கூடவே நடந்தார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் விமானத்தில் ஏறத் தெரிந்தவர்கள், இறங்கத்தான் தெரியவில்லை என்று யாரிடமோ சொல்லிவிட்டு அன்றைக்குத் தாஜுவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமைதோறும் பிகேஷ் போனில் முகம் காட்டிப் பேசுவான். அதற்காகத் தாஜு காலையிலேயே முகம் மழித்து, கறுப்புத் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். போனை எட்டப் பிடித்துக் கத்துவார். கொரியா எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குக் கத்த வேண்டும் என்று நினைப்பு. எல்லாச் சனிக்கிழமையும் ஒரே பேச்சுதான்.

"இங்க ஒரு குறையும் இல்லடா. நீ வேலையப் பாரு."

"அடுத்த வருஷம் வரப் பாக்கறேன் பா."

"அதுக்கென்ன அவசரம். நீ வேலையப் பாரு."

பேசி முடித்ததும் தொப்பியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். போன் அணைந்து கறுப்பாகிப் போயிருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிர் ஜன்னலில் அரிசியில் கல் பொறுக்குகிற சாக்கில் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் சொல்ல வந்தது, அவர் ஜாதகச் சுருளைக் கொண்டு வந்த நாளைப் பற்றி. அது குளிர்காலம். என் கணவர் மொட்டைமாடியில் வெயிலில் இருந்தார். தாஜு படியேறி வந்து, சிவப்புத் துணியில் சுற்றிய பழைய காகிதச் சுருளை அவர் முன் வைத்தார்.

"ஜோசி பா, எனக்கு ரதத்துக்கு நாள் நெருங்கிடுச்சுன்னு தோணுது. பாத்துச் சொல்லுங்க."

"அதுக்குள்ளயா? ஆள் இன்னும் கட்டையாட்டம் இருக்கீங்களே!" என்றார் என் கணவர்.

அவருக்குச் சிறிய எழுத்து தெரியாமல் போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. சுருளை நான்தான் வாசிப்பேன், கிரகங்களை அவர் மனதில் அடுக்கிக்கொள்வார். அன்றும் சுருளை விரித்து வாசிக்க ஆரம்பித்தேன். வருடம், மாதம், திதி, நட்சத்திரம் எல்லாம் சரியாகப் போனது. அப்பா பெயர், அம்மா பெயர், அதற்குப் பிறகு, "இவர்களுடைய முதல் மகன்" என்று எழுதியிருந்தது.

பேகாலால் தாஜு முதல் மகன் இல்லை. அவருக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து, முதல் சோறு ஊட்டின மறுமாதமே காய்ச்சலில் போய்விட்டது. இதை ஹேராமாயா எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதே மாதத்தில்தான் மூன்று வருடம் கழித்து இவரும் பிறந்தாராம். தலைச்சன் பிள்ளையின் ஜாதகத்தைத் தூக்கிப் போட மனசில்லாமல் அவள் மாமியார் பெட்டியிலேயே வைத்திருந்தாராம். ஆக, நான் கையில் வைத்திருந்தது எழுபது வருடத்துக்கும் முன்னால் செத்துப்போன ஒன்பது மாதக் குழந்தையின் ஜாதகம்.

தலை தூக்கிப் பார்த்தேன். தாஜு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் தொலைந்து போன பிள்ளை தெரிந்தவர்களைக் கண்டதும் பார்க்குமே, அப்படி ஒரு பார்வை.

"ஏன் நிறுத்திட்டே? படி" என்றார் என் கணவர்.

அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரியைப் படித்தேன்.

என் கணவர் விரல்களை மடக்கி விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, வருகிற சைத்ர மாதத்தில் ஒரு நாளைச் சொன்னார். காலை எத்தனை நாழிகை என்றும் சொன்னார். மூன்று மாதம்கூட இல்லை.

அன்று மாலையே கிணற்றடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தாஜு, செத்த குழந்தையோட ஜாதகத்தை எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"அது போயிடுச்சு. நான் இருக்கேன். யாராவது ஒருத்தருக்குப் பயன்படட்டுமே."

"விளையாடாதீங்க. உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. பொறுக்க முடியாதா? உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல." வாளியைக் கீழே வைத்தார். "மூணு வருஷத்துல அவன் அங்கயே ஆயிடுவான் ஜோஷிணி. இப்பவே பேசும்போது நடுநடுவுல அந்த ஊர்ப் பேச்சு வருது. பேத்தி என்னைப் பாத்துக் கும்பிடறது இல்ல, அந்த ஊர்க்காரங்க மாதிரி குனியுது. ரதம்னு சொன்னா அவன் வந்துதான் ஆகணும். வராம இருக்க முடியாது."

"அதுக்கு இவ்வளவு திருட்டுத்தனம் எதுக்கு? போனை எடுத்து 'வாடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கூப்பிட்டு வரலைன்னா?"

கிணற்றுக் கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டு மேலே சொன்னார்:

"கூப்பிடாம வரலைன்னா அது வேற. நான்தானே வேணாம்னேன், அதான் வரலைன்னு இருந்துடலாம். கூப்பிட்டும் வரலைன்னா, அப்புறம் நான் எதை வெச்சுக்கிட்டு இருப்பேன்?"

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராத்திரி முழுக்க என் கணவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லிவிடலாமா வேண்டாமா என்று புரண்டேன். கடவுளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு பக்கம் பயம். கடவுளுக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இவருக்கு அந்த ஒரு பையன்தானே என்று இன்னொரு பக்கம். சொல்லவில்லை.

ஷர்மிளாதான் முதலில் மூக்கை நுழைத்தாள். "என்ன பா இது? அம்மா கணக்குப்படி உங்களுக்கு இப்ப எழுபத்தி நாலுதானே ஆகுது?"

"உங்கம்மாவுக்கு எண்ணத் தெரியாது" என்றார் தாஜு.

எனக்கு வந்த கோபம்! ஹேராமாயாவுக்கா எண்ணத் தெரியாது? நாள், திதி, யார் வீட்டில் என்றைக்குத் திவசம், எந்தக் கோழி எந்த நாள் முட்டையிட்டது எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவள். ஆனால் வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். செத்தவள் மேல் பழியைப் போட்டுவிட்டு நின்ற மனிதரை முறைத்துப் பார்த்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். குடியுரிமைத் தாளைக் கொண்டு வந்து பார்த்தார்கள். அதில் எந்த எழுத்தரோ குத்துமதிப்பாக எழுதின இன்னொரு வயது இருந்தது. தாளை யார் நம்பினார்கள்? ஜோசியர் சொன்ன நாளே நாள் என்று ஆயிற்று.

அந்தச் சனிக்கிழமை போனில் தாஜு கத்தவில்லை. சாதாரணமாகவே சொன்னார். "சைத்ரத்துல எனக்கு ரதம்னு ஜோசி பா சொல்றாரு. உனக்கு வேலை இருந்தா, பங்காளிப் பையனைப் பிடிக்கச் சொல்லிக்கலாம்."

அந்தப் பக்கமிருந்து பிகேஷ் குரல் கேட்டது. "இந்த சைத்ரமா பா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. வரேன்."

அவன் வந்தான். முடி கொட்டி, தோள் அகன்று, பெயிண்ட் வாசனை ஊறின கைகளோடு வந்தான். பத்து நாள் இருந்தான். நாலு நாள் தூங்கினான். மீதி நாளில் அப்பாவோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் பேசிக்கொண்டதாகவும் தெரியவில்லை. அவல் தின்பார்கள், தெருவைப் பார்ப்பார்கள். நடுவில் தாஜு எழுந்து போய் அவனுக்குத் தயிர் எடுத்து வந்து வைப்பார்.

ரதத்தன்று காலையில் மகள் புதுத்துணி கொடுத்தாள். பிகேஷ் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்தான மரப்படியில் இறங்கினான். "மெதுவாடா, நான் டிராலி பஸ் இல்ல, கயித்தப் புடிச்சு மறுபடி மாட்ட முடியாது" என்று முதுகிலிருந்து அவர் சத்தம் போட, கீழே நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நேரம் வந்தது. என் கணவர் கை காட்டினார். பொரியும் பூவும் பறந்தன. பிகேஷ் கயிற்றை இழுத்தான், பங்காளிப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள், ரதம் செங்கல் தெருவில் கடகடவென்று கிளம்பியது.

நான் பக்கத்திலேயே நடந்தேன். ரதத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் கும்பிட்டவர்களைப் பார்க்கவில்லை, மேளத்தைப் பார்க்கவில்லை. முன்னால் போகிற பிகேஷின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. துடைக்கிற நேரம் பார்வை மறையுமே என்று நினைத்தாரோ என்னவோ. குயவர் தெருச் சரிவில் ரதம் வேகம் எடுத்தபோது மட்டும் பழைய டிரைவர் விழித்துக்கொண்டார். "பிரேக்! பிரேக்! வலப்பக்கம் ஒடி!" என்று கடவுள் கத்தினார்.

சுற்று முடிந்து முற்றத்து வாசலில் ரதம் நின்றது. எல்லாரும் இறக்க வந்தார்கள். அவர் இறங்கவில்லை.

"இன்னொரு சுத்து" என்றார்.

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் பஞ்சாங்கத்தைத் தட்டினார். பிகேஷ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி கயிற்றை எடுத்தான். பங்காளிப் பையன்கள் விருந்துக்குப் போய்விட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட தனியாகவே இழுத்தான். இந்தத் தடவை மெதுவாகப் போனான், ரொம்ப மெதுவாக.

ரதம் முடிந்த ஐந்தாம் நாள் அவன் விமானம் ஏறினான். வாசலில் நின்று தாஜு சொன்னது, "நீ வேலையப் பாரு."

அதற்குப் பிறகுதான் அவருக்குத் தண்டனை ஆரம்பித்தது. கடவுளாக இருப்பது என்ன சாதாரணமா? கிணற்றுக் கயிற்றில் கை வைத்தால் நாலு பேர் ஓடி வந்து பிடுங்கினார்கள். சத்திரத்தில் சீட்டாடுகிற கூட்டம் அவரை மேலே மெத்தை போட்டு உட்கார வைத்துவிட்டுக் கீழே ஆடியது. எப்போதாவது ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டாலும், அவர் ஏமாற்றினால்கூடக் கண்டுகொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறினால் கால்வாசி இருக்கை காலியாயிற்று. ஷர்மிளா திட்டுவதை நிறுத்திவிட்டாள். சோற்றை வைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

"ஒரு வார்த்தை திட்டுடீன்னேன் ஜோஷிணி. பாவம் வரும்ங்கறா" என்று என்னிடம் வந்து முறையிட்டார்.

"நான் வேணா திட்டவா?"

"நீ திட்டு. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு இன்னும் வயசாகலைன்னு."

ஆகவே மூன்று வருடமும் அவரைத் திட்டுகிற வேலையை நான் பார்த்தேன். யாரும் இல்லாத மத்தியானத்தில் என் வீட்டுப் பின்பக்கம் வந்து பூண்டு உரித்துக் கொடுப்பார், பாத்திரம் கழுவிக் கொடுப்பார். யாராவது வருகிற சத்தம் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டு கடவுளாகிவிடுவார். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சில நாள் உரித்த பூண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிடுவார்.

"வந்தான், இழுத்தான், போயிட்டான்" என்பார். "நான் பொய் சொல்லி வரவெச்சேன். பொய்க்குத்தானே வந்தான்? எனக்காக வந்தான்னு சொல்லிக்க முடியலையே."

அதற்கு நடுவில் அந்த நோய் வந்து விமானங்கள் எல்லாம் நின்றன. சனிக்கிழமைப் பேச்சு மட்டும் நின்றதில்லை. இங்கே ஒரு குறையும் இல்லை, நீ வேலையைப் பாரு.

போன மாதம் அவருடைய உண்மையான நாள் வந்தது. அவருடைய சொந்தச் சுருளைப் பெட்டியிலிருந்து எடுத்து வரச் சொல்லி நானே கணக்குப் போட்டிருந்தேன். நாற்பது வருடம் ஜோசியரோடு குடித்தனம் நடத்தினவளுக்கு அது தெரியாதா? காலை ஒன்பது மணி சுமாருக்கு அந்த விநாழிகை வந்தது. என் கணவர் எங்கோ கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் போயிருந்தார். நான் ஒரு தட்டில் எங்கள் சுபச் சடங்கு வழக்கப்படி அவித்த முட்டை, கருவாடு, வடை வைத்து, சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் சாராயம் ஊற்றி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடி ஏறினேன். மேளம் இல்லை, ரதம் இல்லை. ஒரு கைப்பிடி பொரி மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

அவர் குளித்து, மழித்து, தொப்பி போட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமைகூட இல்லை.

"ஆயிடுச்சா?" என்றார்.

"ஆகப் போகுது."

பொரியை அவர் தலையில் போட்டேன். முட்டையைக் கையில் கொடுக்கப் போனேன். அப்போது போன் அடித்தது.

பிகேஷ்தான். பின்னால் இயந்திரச் சத்தம். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரமாக இருந்திருக்க வேண்டும், தலையில் தொழிற்சாலைத் தொப்பி, கையில் கரண்டி.

"பா, நேரம் ஆயிடுச்சா? நான் சரியாப் பண்ணேனா? இங்க பன்னண்டே காலு."

தாஜு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், நான் சொல்லவில்லை என்று.

"எது நேரம்டா?"

"இன்னிக்குத்தானே பா உங்களுக்கு ரத நாள்? நெஜமான நாள்."

தாஜுவின் பிடி நழுவியது. போனை நான் தாங்கிப் பிடித்தேன்.

"உனக்கு யாருடா சொன்னா?"

"அம்மா. ஆஸ்பத்திரியிலேருந்து பேசினா. 'எனக்காக உன்னால வர முடியாதுடா, எனக்குத் தெரியும், அழாதே. அப்பா ரதத்துக்கு மட்டும் தவறாம வந்துடு'ன்னு சொல்லி, வருஷம் மாசம் தேதி நேரம் எல்லாம் எழுத வெச்சா. என் பர்ஸுலதான் வெச்சிருக்கேன்."

ஹேராமாயாவுக்கு எண்ணத் தெரியாதாம்! எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

"அப்ப மூணு வருஷம் முன்னாடி எதுக்குடா வந்தே? பொய்யின்னு தெரியுமில்ல?"

"நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன்."

"நான் எங்கடா கூப்பிட்டேன்? ரதம்னுதானே சொன்னேன்."

"அது கூப்பிட்டது இல்லாம வேற என்ன பா?" என்றான் பிகேஷ். கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "அத்தனை வருஷத்துல நீங்க அன்னிக்கு ஒரு தடவைதான் கூப்பிட்டீங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலையப் பாரு, வேலையப் பாருன்னீங்க. நான் இல்லாமலே உங்களுக்கு நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். அம்மா விஷயத்துல என் மேல கோபம், மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டேன். இன்னிக்கு நான் அங்க இருந்திருக்கணும் பா. நீங்க ஒண்ணும் சொல்லல. எப்படிக் கேக்கறதுன்னு எனக்கும் தெரியல."

அங்கே யாரோ அவனை அந்த ஊர்ப் பேச்சில் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை. தாஜு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். எட்டப் பிடிக்கவில்லை, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனார். கத்தவும் இல்லை.

"வாடா" என்றார்.

"பா, இப்போதைக்கு இங்க…"

"எப்ப, எத்தனை நாள்னு நான் கேக்கல. எனக்கு உன்னைப் பாக்கணும். பேத்தியக் கூட்டிக்கிட்டு வா. அவ்வளவுதான்."

பிகேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மணி அடித்தது, போக வேண்டும் என்றான். போன் அணைந்தது.

நான் முட்டையை மறுபடி எடுத்துக் கொடுத்தேன், சாராயத்தைக் கொடுத்தேன். சாப்பிட்டார். முறைப்படி அவர் காலில் விழுந்தேன். இனி உண்மையிலேயே கடவுள் அல்லவா. எழுந்து பார்த்தால் கடவுள் தட்டையும் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வெச்சிட்டுப் போங்க தாஜு. இனிமே நீங்க கழுவக் கூடாது."

"நாளையிலேருந்து" என்றார்.

படியில் இரண்டு படி இறங்கி நின்றார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"வருவானா ஜோஷிணி?"

"தெரியாது தாஜு."

"கூப்பிட்டுட்டேன்ல?"

"கூப்பிட்டுட்டீங்க" என்றேன்.